மணி கோர்க்க உட்காரும்போதெல்லாம் நினைவுக்கு வரும் ஒரு ஆள்: உங்களுக்கு யார்?

நீலப்பாசி:
புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேடு, பழங்காலத்தில் கண்ணாடி மணி செய்த துறைமுக ஊர், எல்லோருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மழை விட்ட மறுநாள் போயிருந்தேன். மண் கரைந்து ஓடிய சரிவில் ஒரு அம்மா குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். கிட்டப் போனால் உள்ளங்கையில் நாலைந்து பாசிமணி, செங்கல் நிறம், ஒன்று மட்டும் பச்சை. நாம் கோர்க்கும் 11 சைஸ், அதாவது சுமார் 2 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். துளைக்குள் ஈரமண் அடைத்திருந்தது. முந்தானையால் துடைத்து, ஈர்க்குச்சியால் மண்ணைத் தள்ளிவிட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, "பாரு, ஓட்டை எவ்வளவு நேரா போகுது" என்றார். அந்த மணியெல்லாம் உருக்கிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டிச் செய்தவை. இழுக்கும்போதே துளையும் வந்துவிடும். எனக்கு அது படித்துத் தெரிந்தது, அவருக்கு அந்த ஈர்க்குச்சியில் தெரிந்தது. என் கழுத்தில் கிடந்த மாலையைத் தூக்கி, முன்பக்கத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைத் திருப்பி நூல் எப்படிப் போகிறது என்று பார்த்தார். "நீ கோர்க்கிறவதானே, ரெண்டு வச்சுக்க." நான் அவர் விரல்களை மூடிவிட்டு வேண்டாம் என்றேன். முகம் சட்டென்று மாறிவிட்டது. காசுக்காகக் கொடுக்கிறார் என்று நான் நினைத்ததாக அவர் நினைத்திருப்பாரோ? பேரன் அரைஞாண் கயிற்றில்கூட ஒன்று கோர்த்திருக்கிறேன் என்று சொல்லியிருந்தார். திருஷ்டிக்கா என்று கேட்டதற்கு, "இல்ல, அழகா இருக்கேன்னு" என்றார். அந்தப் பதிலை விட மாட்டேன் என்கிறது மனசு.

கிளிப்பச்சை:
வாங்காமல் வந்ததுதான் சரி. யாரும் மனசு இளகிப் போய் அங்கே கை நீட்டாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம். 1878 புதையல் சட்டப்படி மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். சட்டத்தை விடுங்கள், எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் அந்த மணி வெறும் மணிதான். 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது ஒவ்வோர் அடுக்கையும் குறித்து வைத்ததால்தான் அந்த ஊரின் காலத்தைப் பற்றி இன்றைக்கு நம்மால் பேச முடிகிறது. என் அனுபவம் சின்னது. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அந்தப் பாசிகளின் முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பெண் நின்று, "மிஸ், இதை யார் கோர்த்தாங்க?" என்று கேட்டாள். டீச்சர் "நகரு, நகரு" என்றார். நான் போய்ச் சொல்லியிருக்கலாம், அதற்குள் வரிசை போய்விட்டது.

சரக்கடை:
நான் சொல்ல வந்தது சௌகார்பேட்டையில் ஒரு மொத்தக்கடைப் பெரியவர். ரோஸ் நிறத்தில் ஒரு சரம், உள்ளே வெளிச்சம் போட்டது மாதிரி, கையில் எடுத்துவிட்டேன். அவர் அதை வாங்கி, பஞ்சில் நகப்பாலிஷ் ரிமூவர் தொட்டு, மணியை உருட்டி என்னிடம் நீட்டினார். பஞ்சு முழுக்க ரோஸ். "உனக்கு வேண்டாம்மா, கல்யாண பிளவுஸ்னு சொன்னியே." கடைப்பையன் வாயைத் திறந்தபடி நிற்கிறான். அவ்வளவுதான் கதை.

அந்த ஒரு பஞ்சு என் பழக்கத்தையே மாற்றிவிட்டது என்பதால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சரத்தில் பாதியைக் கறுப்புத் தாளில் சுற்றி வெயில் படும் ஜன்னலில் சில வாரம் வையுங்கள், இரண்டு பாதியும் ஒரே நிறமாக இருந்தால் நம்பலாம். ரோஸ், ஊதா இரண்டிலும்தான் அதிகம் ஏமாறுவோம். துளைக்குள் வெள்ளி பூசிய மணி நாளாக ஆகக் கறுக்கும், வியர்வை பட்டால் இன்னும் சீக்கிரம். மேலே உலோகப் பளபளப்பு ஏற்றியது கைவளைக்கு ஆகாது, உரசி உரசிப் போய்விடும், தோட்டுக்குப் பரவாயில்லை. கண்ணாடியே நிறமாக உள்ள மணிதான் காலத்துக்கும் நிற்கும். நம்பர் கூடக் கூட மணி சின்னதாகும், 11 என்றால் சுமார் 2 மில்லிமீட்டர், 15 அதைவிடச் சிறிது. மணிகளைச் செங்கல் அடுக்கு மாதிரி ஊசியால் பின்னும் பெயோட்டி பின்னலுக்கு, மியூக்கி என்ற ஜப்பான் கம்பெனியின் டெலிக்கா மணி எடுங்கள், குழல் வடிவத்தில் ஒரே அளவாக இருக்கும், சுவர் மாதிரி நேராக உட்காரும். செக் நாட்டு மணி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அது குஞ்சலத்துக்கு அழகு. நூலுக்கு மெழுகு தடவாமல் ஆரம்பிக்காதீர்கள்.

அப்புறம் நீலப்பாசி, அந்த அம்மா தப்பாக நினைத்திருக்க மாட்டார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறவர்கள் சின்ன விஷயத்துக்குக் கோபப்படுவதில்லை.

மணப்பாறை:
மியூக்கி இல்லாவிட்டால் கோர்க்கவே கூடாது என்கிற மாதிரி பேச்சு போகிறது, எனக்கு ஒப்பவில்லை. திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் நரிக்குறவர் அம்மா ஒருவர் மடியில் துணி விரித்து, கறுப்பு மணியைக் குவித்து வைத்துக் கோர்த்துக்கொண்டிருந்தார். நாம் ஒவ்வொரு மணியாக ஊசி முனையில் எடுக்கிறோம். அவர் ஊசியைக் குவியலுக்குள் சாய்த்து ஒரு தள்ளு தள்ளினார், ஏழெட்டு மணி ஏறியிருந்தது. கண் பேருந்துப் பலகை மேலே. ஒருவர் வந்து மாலையை இழுத்து இழுத்துப் பார்த்துப் பாதி விலைக்குக் கேட்டார். அம்மா நிமிரவே இல்லை. "ஒரு முழம் கோர்த்துப் பாரு சாமி, அப்புறம் விலை பேசு." அந்த மனிதர் வைத்துவிட்டுப் போனார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, முடிச்சு எங்கே என்று கேட்டேன். காட்டினார். முடிச்சைப் பக்கத்து மணியின் துளைக்குள் இழுத்து மறைத்திருந்தார், நான் காசு கட்டி வகுப்பில் கற்றது அதே முடிச்சு. சரக்கடை, அவர் மணியை எந்த ஜன்னலிலும் வைத்துப் பார்க்கவில்லை.

சரக்கடை:
மணப்பாறை, நான் அவரைச் சொல்லவே இல்லை. பிளவுஸ் வாங்கினவர் துவைத்த பிறகு திருப்பிக் கொண்டுவந்தால் பதில் சொல்ல வேண்டியது தைத்தவள், அதைத்தான் சொன்னேன்.

மலாக்காவிலிருந்து:
இங்கே மலேசியாவில், மலாக்காவின் காஜா பெராங் பக்கம் மலாக்கா செட்டி சமூகத்து வீடுகள் உண்டு, தமிழ் வேர், பேச்சு மலாய். பெண்கள் சாரோங் கெபாயா (கைலியும் மேல்சட்டையும்) கட்டி, மணி தைத்த மணிச்செருப்பு போடுவார்கள். அந்தச் செருப்பின் மேல்பாகம் தைக்கும் ஒரு பாட்டியிடம் போனேன். துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஒரு தையலுக்கு ஒரு மணி. வெட்டு முகம் உள்ள பழைய மணி, விளக்கைச் சாய்த்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னும். இடது கால், வலது கால் இரண்டு துண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வலதில் ஒரே ஒரு இதழின் நிறம் லேசாக வேறு. பழைய சிவப்பு தீர்ந்துவிட்டதாம், இப்போது அந்தச் சிவப்பு வருவதில்லையாம். "போடுகிறவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, வேறு ஒரு பழைய செருப்பை எடுத்து அதிலிருந்து மணி பிரித்தெடுக்கலாமா என்று என்னையே கேட்டார். பழைய செருப்பு அவர் அம்மா தைத்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பிரித்தாரா என்று இன்றுவரை தெரியாது.

கரூர்க்காரி:
எல்லோர் வீட்டு ஷோகேஸிலும் கிரிஸ்டல் மணி அன்னம் ஒன்று இருந்த காலம் ஞாபகம் இருக்குமே. அப்படி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு பெரியம்மா வந்தார். கழுத்து தொங்கிவிட்டது. கோர்த்த நைலான் நரம்பு மஞ்சளாகி, தொட்டால் ஒடிகிறது. மணியெல்லாம் நல்லபடி இருக்கிறது. புதுசாகவே கட்டித் தருகிறேன், ஃபயர்லைன் என்ற உறுதியான மணி கோர்க்கும் நூல் போட்டால் அவ்வளவு சீக்கிரம் அறுந்து போகாது என்றேன். "அதே மாதிரி நரம்பு போடும்மா. என் தங்கச்சி போட்ட மாதிரியே தெரியணும்." தங்கச்சி இப்போது இல்லை. பிரிக்கப் பிரிக்கப் பார்த்தேன், நரம்பின் இரண்டு முனையும் ஒரே மணிக்குள் எதிரெதிராகப் போய், வயிற்றுப் பக்கம் ஒரு வரிசையில் மட்டும் மணி ஒன்று கூடுதல். அதனால்தான் அன்னம் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தே நின்றிருக்கிறது. நேராக்கவா என்று கேட்டேன். "சாய்ஞ்சாத்தான் அது." சாய்த்தே கட்டிக் கொடுத்தேன். ஃபயர்லைன்தான் நல்லது என்று எனக்கும் தெரியும், அதைச் சொல்லி யாரும் கீழே எழுத வேண்டாம். பழைய பருமனில் நரம்பு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் மட்டும் சொல்லுங்கள், இதே மாதிரி ஒரு கிளி வந்து காத்திருக்கிறது.