‘ஸ்டேக் ஓ ப்வாவ்ர்’: பெயருக்கு என்ன பொருள்? மிளகு ஏன் கசக்கிறது?

கேள்வி: பிரெஞ்சு சமையலில் வரும் இந்தப் பெயரில் ‘ஓ’ எதற்கு? மிளகுப்பொடி தூவி வறுத்த மாட்டுக்கறித் துண்டு எதையும் இப்படிச் சொல்லலாமா? செய்தால் மிளகு கருகிக் கசக்கிறது, க்ரீம் ஊற்றினால் சாஸ் திரிந்துவிடுகிறது.

பதில் 1: ஸ்டேக் என்றால் கனமான கறித்துண்டு, ப்வாவ்ர் என்றால் மிளகு. ‘ஓ’ நம் வேற்றுமை உருபு மாதிரி. மொத்தத்தில் ‘மிளகோடு ஸ்டேக்’. ஆனால் பொடி தூவியதெல்லாம் இதுவாகாது. ஒன்றிரண்டாக உடைத்த மிளகு அப்பியிருக்கணும், அதே வாணலியில் கோன்யாக்கும் (பிரெஞ்சு பிராந்தி) க்ரீமும் சேர்த்த சாஸ் இருக்கணும். (ப்வாவ்ர் என்ற சொல்லின் மூலம் ‘பிப்பலி’. அது மிளகே இல்லை, திப்பிலி!)

பதில் 2: கசப்புக்குக் காரணம் மிளகுத்தூள். இரண்டு துண்டுக்கு ஒரு மேசைக்கரண்டி மிளகை, கனமான வாணலியின் அடியால் அழுத்தி உடையுங்கள், மிக்ஸி வேண்டாம். உடைத்ததைச் சலித்துத் தூளைத் தள்ளிவிடுங்கள், முதலில் கருகுவது அதுதான். கறி 3 செ.மீ. கனம் இருக்கட்டும். ஈரத்தை ஒற்றி எடுத்து, முதலில் உப்பு, பிறகு மிளகை அழுத்தி ஒட்டுங்கள்.

மிதமான தீயில் எண்ணெயும் கொஞ்சம் வெண்ணெயும். மிளகு ஒட்டும்வரை துண்டை நகர்த்தாதீர்கள். பக்கத்துக்கு 3, 4 நிமிடம். நடுவில் 52 டிகிரி வந்தால் ‘செஞான்’, அதாவது உள்ளே சிவப்பாக. எடுத்து 5 நிமிடம் ஆற விடுங்கள்.

வாணலியில் மிஞ்சிய கொழுப்பைக் கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கி 50 மி.லி. கோன்யாக் ஊற்றுங்கள். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றவே கூடாது, தீ பாட்டிலுக்குள் ஏறும். ஊற்றிய கோன்யாக்கைப் பற்றவைப்பதானால் புகைபோக்கி விசிறியை அணைத்துவிடுங்கள். தீ அடங்கியதும் அடிப்பிடித்ததைச் சுரண்டி, 100 மி.லி. எலும்பு ஸ்டாக் (எலும்பு வேகவைத்த சாறு) விட்டுப் பாதியாக வற்றவிட்டு, பிறகுதான் 100 மி.லி. க்ரீம். கொழுப்பு 30 சதவீதத்துக்குக் குறைந்தால், கொதிக்கும்போது திரியும். கரண்டியில் படிந்து நின்றால் போதும். தட்டில் இறங்கிய கறிச்சாறையும் இதிலேயே ஊற்றுங்கள்.

பதில் 3: அப்படியும் கருகினால் ஒரு பக்கம் மட்டும் மிளகு அப்புங்கள், அந்தப் பக்கத்தைக் கடைசியாக வாட்டினால் போதும். உப்புநீரில் ஊறிய பச்சை மிளகு என்றால் (பெயரில் ‘வேர்’ சேரும், பிரெஞ்சில் ‘பச்சை’) அலசிவிட்டு சாஸில் போடுங்கள். கறியில் அப்பினால் வெடித்துத் தெறிக்கும்.