எச்ஐடி லைற் போட்டபிறகு வெளிச்சம் கூட, ஆனா றோட்டு தெரியேல்லை

மாங்குளத்தான்:
வணக்கம் அண்ணைமார், என்ர டொல்பின் வானுக்கு எச்4 ஹலஜன் பல்ப், 60/55 வாற்ஸ். போன மாதம் அதைக் கழட்டி 35 வாற்ஸ் எச்ஐடி கிற், அதான் வாயுவுக்க எரியுற பல்ப் செற், போட்டனான். முத்தத்தில பாத்தா பகல் மாதிரி, ஆனா ஒட்டுசுட்டான் பக்கம் இரவில போகேக்க முன்னால பத்து மீற்றர்தான் வெள்ளையாக் கிடக்கு, அங்கால இருட்டு. டிம்மிலதான் போறன், எண்டாலும் எதிர வாற எல்லாரும் லைற் அடிக்கினம். முந்தநாள் மழைக்க படுத்துக்கிடந்த எருமையைக் கடைசி நேரத்திலதான் கண்டனான், அம்மாவும் பக்கத்தில, இப்பவும் நெஞ்சு படபடக்குது. லைற்றை இறக்கி செற் பண்ணினாச் சரிவருமோ?

கிளி கராஜ்:
வராது தம்பி. பழைய பல்ப்பை எடுத்துப் பாரும், ரெண்டு இழை இருக்கும், டிம் இழைக்குக் கீழ சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு தகடு. அது கீழ போற வெளிச்சத்தை மறைச்சு, லைற்றுக்குள்ள பின்னால மினுங்குற றிப்ளெக்டரின்ர மேல்பாதியில மட்டும் பட விடுறதாலதான் வெளிச்சம் எழும்பாம றோட்டில விழுது. எச்ஐடியில இழையே இல்லை, ரெண்டு முனைக்கு நடுவில வாயுவுக்க எரியுறது, அதின்ர பருமன் வேற, நிக்கிற இடமும் வேற. ஒண்டு ரெண்டு மில்லிமீற்றர் விலகினாலே உம்மட றிப்ளெக்டரில சிதறும். கிட்ட வெள்ளையா இருக்க கண்மணியும் சுருங்கும், தூரம் இன்னும் இருட்டும்.

பரந்தன் பிள்ளை:
நான் டியூட்டி முடிச்சு ஸ்கூட்டியில வாறனான். அந்த லைற் முகத்தில அடிச்சா ரெண்டு மூண்டு செக்கன் ஒண்டும் தெரியாது அண்ணா, கரையில லைற் இல்லாம சைக்கிளில வாற ஆக்களை நினைச்சாத்தான் பயம். இண்டைக்கே கழட்டுங்கோ.

வவுனியா வயறிங்:
ஹலஜனையே திருப்பிப் போட்டு, எஞ்சின் ஓடேக்க பல்ப் சொக்கற்றில வோல்ற்றேச் அளந்து பாருங்கோ. பழைய வயறில வோல்ற்றேச் 10 வீதம் குறைஞ்சாலே வெளிச்சத்தில 30 வீதத்துக்குக் கிட்டக் குறைஞ்சிரும். பற்றறியால நேர தடிச்ச வயர் இழுத்து றிலே (சுவிச்சின்ர சின்னக் கரண்டால பெரிய கரண்டைத் திறந்து விடுற சாமான்) போடுங்கோ, பியூசை மறக்காதேங்கோ. 100 வாற்ஸ் பல்ப் வேண்டாம், சொக்கற் உருகும். எச்ஐடிதான் வேணுமெண்டா அதுக்கெண்டு செய்த புறொஜெக்டரோட (முன்னால வில்லை வைச்ச லைற்) போடவேணும்.

மாங்குளத்தான்:
நன்றி. பின்னேரம் சுவருக்கு முன்னால நிப்பாட்டி ஒரு பக்கம் மட்டும் பழைய பல்ப் போட்டுப் பாத்தனான். அதில கோடு கீறின மாதிரி வெட்டு, இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் மேல ஏறுது. எச்ஐடி பக்கம் கோடே இல்லை, சுவருக்கு மேல நிக்கிற வேம்பின்ர இலை இலையாத் தெரியுது. மற்றதையும் கழட்டீற்றன். வவுனியா அண்ணை, றிலேக்கு எத்தினை அம்பியர் பியூஸ்?

வவுனியா வயறிங்:
ரெண்டு பக்கத்துக்கும் தனித்தனியா 15 போடுங்கோ, பற்றறிக்குக் கிட்டவா.