குல்மார்க் குரூப் ஸ்கீயிங் கோச்சிங்: நாற்பது தாண்டினவங்க சேரலாமா? பார்த்ததைச் சொல்லுங்க

(ஒவ்வொரு பதிலுக்கும் மேல இருக்கிறது எழுதினவரோட புனைபெயர்.)

கோட்டாறு கணக்கு

அந்தப் பன்னிரண்டு பேர் வரிசை இன்னும் கண்ணுல நிக்குது. காஷ்மீர் குல்மார்க்ல பேபி ஸ்லோப் (புதுசாக் கத்துக்கிறவங்களுக்கான சின்னச் சரிவு), மூணாம் நாள், காலை பத்தரை மணி. கோச் ஒருத்தர்தான். பதினொண்ணாவதா நின்னது வடசேரிப் பக்கத்து அண்ணாச்சி, வயசு 48. முறை வந்துது. இருபது விநாடி சறுக்கினார், ரெண்டாவது வளைவுல பின்னால சாய்ஞ்சு விழுந்தார். கோச் கீழேயிருந்து ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். அண்ணாச்சி பக்கவாட்டுல படிப்படியா மேல ஏறி வரிசைக் கடைசியில நின்னார். அடுத்த முறை வர கால்மணி நேரம்.

போகலாமான்னு கேக்கிறவங்க எல்லாரும் வயசையும் தைரியத்தையும்தான் யோசிக்காங்க. யோசிக்க வேண்டியது வளைவுக் கணக்கு. ஒருத்தர் இறங்கி, கோச் பார்த்து, ஒரு திருத்தம் சொல்லி, அடுத்த ஆளை விட ஒண்ணேகால் நிமிஷம். பன்னிரண்டு பேருக்குப் பதினஞ்சு நிமிஷம். ரெண்டு மணி நேர வகுப்புல ஒருத்தருக்கு எட்டு இறக்கம். இறக்கத்துக்கு நாலஞ்சு வளைவுன்னா நாற்பதைத் தாண்டாது. கால் ஒரு பழக்கத்தைப் பிடிச்சுக்க நாற்பது போதாது. அதே பன்னிரண்டு பேரை கோச் தன் பின்னாலேயே பாம்பு மாதிரி கூட்டிட்டு இறங்கினா யாரும் காத்து நிக்க வேண்டாம், வளைவு ரெண்டு மடங்காகும்.

அதனால பணம் கட்டுறதுக்கு முன்னால போன் போட்டுக் கேளுங்க. ஒரு கோச்சுக்கு எத்தனை பேர்? ஒவ்வொருத்தரா விடுவாரா, பின்னால வரச் சொல்லுவாரா? மேல போக லிஃப்ட் உண்டா, நடந்தே ஏறணுமா? முதல் நாளுக்கு அப்புறம் குரூப்பை மாத்திப் பிரிப்பாங்களா? ஆறிலிருந்து எட்டுப் பேர்னா நல்லது. பத்து வரைக்கும் பாதகமில்லை. அதுக்கு மேலேயும் போய், ஒவ்வொருத்தராத்தான் விடுவோம்னு சொன்னா நான் சேரச் சொல்ல மாட்டேன்.

இரணியல் நெசவு

கோட்டாறு சொன்ன கணக்கு சரி, முடிவு தப்பு.

வரிசையில நிக்கிற நேரம் வீண் இல்லை. ஆரம்பத்துல சொல்லித்தர்ற ஸ்னோ பிளவ்ல ஸ்கீ ரெண்டோட முன்முனையையும் நெருக்கமாக் கொண்டுவந்து, குதிகாலை வெளியே தள்ளி, உள்விளிம்பால பனியைச் சுரண்டித்தான் வேகத்தைக் குறைக்கோம். தொடை அரை உட்காரலில் இறுகியே நிக்கும். பழக்கமில்லாத தொடைக்கு இடைவெளி கிடைக்கலேன்னா ஒரு மணி நேரத்துல நடுங்கத் தொடங்கும். நடுங்கினா உடம்பு தானாப் பின்னால சாயும். சாய்ஞ்சா முன்முனை பனியைப் பிடிக்காது, ஸ்கீ திரும்பாது. தனிக் கோச் வச்சு ரெண்டு மணி நேரம் ஓய்வில்லாம இறங்கின தக்கலை அக்கா ஒருத்தங்க, கடைசி இருபது நிமிஷத்துல மட்டும் ஏழு தடவை விழுந்ததைப் பார்த்தாச்சு. சொல்லிக் கொடுத்ததுல குறை ஒண்ணும் இல்லை. தொடை முடிஞ்சு போச்சு. குரூப்ல சேர்ந்தா அந்த ஓய்வு தானாக் கிடைக்கும்.

வடசேரி அண்ணாச்சி விழுந்ததுக்கும் வரிசையைவிட அவர் கால்ல போட்ட ஸ்கீ பூட்ஸைத்தான் பாக்கணும். வாடகைக் கடையில காலுக்குச் சுகமா இருக்குன்னு ஒரு அளவு பெரிசா வாங்கிருவாங்க. பெரிய பூட்டுக்குள்ள குதிகால் எழும்பும், முழங்கால் சொல்றது ஸ்கீக்குப் போய்ச் சேராது.

வீட்டுலயே அளந்துட்டுப் போங்க. சாயங்காலம், குதிகாலைச் சுவரோட ஒட்டி, எடை முழுக்கக் கால்ல வச்சு, பெருவிரல் முனை வரைக்கும் சென்டிமீட்டர்ல. 26.4 வந்தா பூட் அளவு 26.5. வெளி ஓடு முழு அளவுலதான் வரும், 26-க்கும் 26.5-க்கும் ஒரே ஓடு. கடையில உள்மெத்தையை உருவிட்டு, வெறும் ஓட்டுல காலை விட்டு விரலை முன்சுவர்ல முட்டவையுங்க. குதிகாலுக்குப் பின்னால ஒண்ணரை விரல் அகலம் இருந்தா சரி. மூணு விரல் போனா வேண்டாம். மெத்தையைப் போட்டு நிமிர்ந்து நின்னா விரல் முன்னால லேசா உரசணும், முழங்காலை மடக்கினா பின்வாங்கணும்.

செருப்புலயே வளர்ந்த நம்ம பாதம் முன்பக்கம் அகலம். பூட்டோட அகலம் 98 மில்லிமீட்டர்லேர்ந்து 104 வரைக்கும் வரும். நமக்கு 102-க்கு மேல உள்ளதைக் கேட்டு வாங்கணும், இல்லாட்டி நீளத்தை ஏத்தித்தான் தருவாங்க.

குளிருதுன்னு ரெண்டு சாக்ஸ் போடாதீங்க. மடிப்பு விழும், ரத்த ஓட்டம் அடைபடும், விரல் இன்னும் சில்லிடும். முழங்கால் வரைக்கும் வர்ற மெல்லிசான கம்பளி சாக்ஸ் ஒண்ணு போதும். உள்ள போடுற பேன்ட் ஓரத்தைப் பூட்டுக்குள்ள விடவே கூடாது. கெண்டைக்கால்ல புண்ணாக்கிரும்.

தேங்காப்பட்டணம் காத்து

எனக்கு உறுத்துறது வேற. வகுப்பு நடக்கறது இந்தியில. வலது ‘தாயே’, இடது ‘பாயே’. ஒரே எழுத்துதான் வித்தியாசம். காத்து வீசும்போது, ஹெல்மெட்டுக்குள்ள, முப்பது மீட்டர் கீழேயிருந்து கோச் கத்துறார் ‘தாயே, தாயே’. விளவங்கோட்டுக்காரர் ஒருத்தர் இடது பக்கம் திரும்பி, ஓரத்துல நின்ன ஸ்லெட்ஜ் வண்டிக்குள்ள போனார். அடி இல்லை. ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொரு சத்தத்துக்கும் உடம்பு விறைச்சுது, அன்னைக்கு முழுக்க ஒண்ணும் ஏறலை.

போறதுக்கு முன்னால இந்தப் பத்து வார்த்தையை மனப்பாடம் பண்ணுங்க: ருக்கோ - நில்லு. ஆகே - முன்னால. பீச்சே மத் - பின்னால சாயாதே. குட்னா மோடோ - முழங்காலை மடக்கு. வஜன் - எடை. ஏடீ - குதிகால். தீரே - பைய. சாம்னே தேக்கோ - எதிரே பாரு. தாயே, பாயே. முதல் நாளே கோச்கிட்ட, வாயால சொல்லாம ஸ்கீ போலை (கையில ஊன்றுற கம்பை) தூக்கிப் பக்கத்தைக் காட்டுங்கன்னு கேட்டுக்கங்க. காட்டுவாங்க.

வலது ஸ்கீயில எடை வச்சா உடம்பு இடப்பக்கம் திரும்பும். இதைத் தமிழ்ல மனசுக்குள்ள நூறு தடவை ஓட்டிட்டுப் போங்க. கோச் ‘தாயே வஜன்’னு சொன்னா எடை வலதுல, வளைவு இடதுல. திசையைச் சொல்றாரா எடையைச் சொல்றாரான்னு குழம்புற இடம் இதுதான்.

மாத்தூர் படிக்கட்டு

யாரும் கேக்கலை, இருந்தாலும் முழங்காலைப் பத்திச் சொல்லாம விட முடியாது. பதிவு நீளும்.

ஒரு விழுதல் மட்டும் மறக்கலை. வேகமே இல்லை, நடக்கிற வேகம். 52 வயசுக்காரர் பின்னால உட்காரப் போனார். இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கிருச்சு, ஒரு கை பின்னால போச்சு. உட்கார்ந்துக்கிட்டே எழும்ப முயற்சி பண்ணினார். கீழ்ப்பக்கத்து ஸ்கீயோட பின்முனை பனியில குத்தி உள்ளே திரும்புச்சு. பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோட பிடிச்சு வச்சிருக்கிற கொக்கி, விழும்போது தானாத் திறந்து விடணும்) திறக்கலை. முழங்கால் மட்டும் திருகிச்சு.

முழங்காலுக்குள்ள இருக்கிற முன் குறுக்குத் தசைநார் (ACL) கிழியறது பெரும்பாலும் இப்படித்தான். தப்பிக்க வழி உண்டு. விழப்போறது உறுதியாத் தெரிஞ்சா பின்னால உட்காராதீங்க, மேட்டுப் பக்கமாச் சரிஞ்சு விழுங்க. கை ரெண்டும் முன்னால இருக்கட்டும். சறுக்கல் முழுசா நிக்கிற வரைக்கும் எழும்ப முயற்சி பண்ணாதீங்க. நின்னப்புறம் ஸ்கீ ரெண்டையும் உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து, சரிவுக்குக் குறுக்கா வச்சு, அப்புறம் எழும்புங்க. சரிவு நோக்கி ஸ்கீ பார்த்தா எழும்பின உடனே ஓடிரும். போலைக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு விழுந்தா கைக் கட்டைவிரலோட அடித்தசைநார் போகும். விழும்போது விட்டுருங்க.

பைண்டிங் எண்ணை, அதாவது எவ்வளவு விசைக்கு அது திறக்கணும்ங்கிற அளவை, கேட்டு வாங்குங்க. எடை, உயரம், வயசு, பூட் அடிப்பாகத்தோட நீளம் மில்லிமீட்டர்ல, புதுசாக் கத்துக்கிறவரா இல்லையா, இத்தனையையும் வச்சுத்தான் அது முடிவாகும். 70 கிலோ, 170 சென்டிமீட்டர் உள்ள புது ஆளுக்குச் சுமாரா 4-லேர்ந்து 5-க்குள்ள வரும். 50 வயசு ஆனா பட்டியல்ல ஒரு வரி குறைவான எண்ணுக்கு மாத்தணும். வயசு கேக்காம, முன்னால யாருக்கோ வச்ச எண்ணோட ஸ்கீயைக் கையில குடுத்தா, நின்னு கேளுங்க. நீங்களே திருகவும் கூடாது, அட்டவணை தெரிஞ்ச ஆள் வைக்கணும். பூட் அடியில ஒட்டின பனியைச் சுரண்டாம மாட்டினா எண் சரியா இருந்தும் பலனில்லை. பாதி பூட்டி நிக்கும், எப்ப வேணும்னாலும் கழலும்.

இனி பயிற்சி. மருந்துவாழ் மலை ஏறினா போதும்னு நிறையப் பேர் சொல்லுகாங்க. ஏறுறது மூச்சுக்கு நல்லது, ஸ்கீக்கு வேண்டியது இறங்குறது. மாத்தூர் தொட்டிப் பாலத்துல ஆத்துப் பக்கம் இறங்குற படி இருக்குல்லா, அதுல ஒரு படிக்கு மூணு எண்ணிப் பைய இறங்குங்க. முழங்கால் ரெண்டாவது விரலுக்கு நேரா இருக்கணும், உள்ளே சாயக்கூடாது. வெள்ளிமலை முருகன் கோயில் படியும் ஆகும். வீட்டுல சுவத்தில முதுகைச் சாய்ச்சு நாற்காலி மாதிரி 45 விநாடி, நாலு தடவை. பக்கவாட்டுல அடி வச்சுத் தாழ்றது காலுக்குப் பத்து. ஒத்தைக்கால்ல கண்ணை மூடி முப்பது விநாடி. வாரம் மூணு நாள், எட்டு வாரம். பயணத்துக்கு ரெண்டு வாரம் இருக்கும்போதுதான் தொடங்கினா வலியோடதான் போய் இறங்குவீங்க.

சர்க்கரை உள்ளவங்களுக்கு ஒண்ணு. பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருந்தா பூட் அரைக்கிறது தெரியாது, விரல் உறையறதும் தெரியாது. டாக்டர்கிட்டப் பாதத்தைக் காட்டாம பணம் கட்டாதீங்க.

கோட்டாறு கணக்கு

பூட் விஷயம் ஏத்துக்கிட்டேன், அண்ணாச்சியோட பூட் 28, அவர் பாதத்துக்கு அது பெரிசுதான். ஆனா ஓய்வு வேற, பதினஞ்சு நிமிஷம் குளிர்ல சும்மா நிக்கிறது வேற. தசை ஆறிப் போகும். காத்திருக்கும்போது நின்ன இடத்துலயே ஸ்கீயைத் தூக்கித் தூக்கி வைக்கச் சொல்ற கோச் இருந்தா நீங்க சொல்றது சரி.

பேச்சிப்பாறை மேடு

எல்லாரும் நல்லாச் சொல்லுகீங்க. போய்ச் சேர்றதைப் பத்தி யாரும் பேசலை. கன்னியாகுமரியில வாரம் ஒருக்கா கிளம்புற ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் கத்ரா வரைக்கும் போகும், 3,700 கிலோமீட்டருக்கு மேல, மூணு ராத்திரி. கத்ராவுலேர்ந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன்லேர்ந்து வந்தே பாரத் ஓடுது, மூணு மணி நேரம் சொச்சம். ஆனா மூணு ராத்திரி பெர்த்துல சுருண்டு கிடந்த இடுப்போட மறுநாளே பூட் மாட்டினா முதல் ரெண்டு வகுப்பு போச்சுன்னு வச்சுக்கிடுங்க. திருவனந்தபுரம் போய் டெல்லி வழியா விமானம்னாலும் அதே விதிதான்: ஸ்ரீநகர்ல ஒரு ராத்திரி தங்கணும். அது 1,600 மீட்டருக்குப் பக்கம், குல்மார்க் 2,650. கடல் மட்டத்துலேர்ந்து நேரா ஏறினா தலைவலி, தூக்கமின்மை, மூச்சு வாங்கல் வரும். முதல் வகுப்புல கால் சொன்ன பேச்சைக் கேக்காததுக்கு அதுவும் ஒரு காரணம்.

நாள் தேர்ந்தெடுக்கிறதும் முக்கியம். டிசம்பர் 21-லேர்ந்து ஜனவரி 29 வரைக்கும் சில்லை கலான், நாற்பது நாள் கடுங்குளிர். நம்ம ஊர் உடம்புக்கு பிப்ரவரி நல்லது. மார்ச் ஆனா காலையில கட்டிப்பனி, விளிம்பு பிடிக்காது. மத்தியானம் சேறு மாதிரி இளகி ஸ்கீயைப் பிடிச்சு நிறுத்தும், முழங்கால் திரும்பும்.

பருத்தி பனியன் வேண்டாம், வேர்வையைப் பிடிச்சு வச்சுக் குளிர வைக்கும். பாலியஸ்டர் இல்லாட்டி கம்பளி உள்ளாடை, அதுக்கு மேல ஃபிளீஸ், வெளியே தண்ணி ஏறாத ஜாக்கெட். தேங்காண்ணெய் அங்க கல்லா உறைஞ்சிரும், வெயிலுக்கும் அது தடுப்பு இல்லை. கறுத்த தோல் வேகாதுன்னு நினைக்காதீங்க. புதுப்பனி புற ஊதாக் கதிர்ல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அடிக்கும், மூக்குக்கு அடியிலயும் தாடைக்கு அடியிலயும் வேகும். இன்சூரன்ஸ் பத்திரத்துல ஸ்கீயிங்னு வார்த்தை இருக்கான்னு வாசிங்க. சாதாரணப் பயணக் காப்பீடு பெரும்பாலும் இந்த மாதிரி விளையாட்டை விலக்கி வச்சிருக்கும்.

குழித்துறை ஆத்தங்கரை

எல்லாத்துக்கும் முன்னால குரூப் பிரிக்கிற அந்த முதல் காலை இருக்கு. கோச் கேக்கிறார், யார் புதுசு, யார் முன்னாலயே சறுக்கியிருக்கீங்க. மணாலிப் பக்கத்து சோலங்ல ரெண்டு நாள் வாடகை ஸ்கீ போட்ட ஒருத்தர் கையைத் தூக்கினார். மறுநாள் அந்தக் குரூப்போட கோண்டோலா (ரோப் கார்) முதல் கட்டத்துல ஏறி, 3,000 மீட்டருக்கு மேல நின்னு கீழே பார்த்தார். ஸ்கீயைக் கழட்டித் தோள்ல போட்டுக்கிட்டு இறங்கினார். முகத்தைப் பார்க்க முடியலை. அவர் பொய் சொல்லலை. கேள்வியே தப்பா இருந்துது.

நீங்களே உங்களைச் சோதிச்சுக்கங்க. சரிவுல ஒரு இடத்தைக் குறிச்சு, ஸ்னோ பிளவ்ல அந்த இடத்துலயே நிக்க முடியுதா? ரெண்டு பக்கமும் நாலு வளைவை விழாமச் சேர்க்க முடியுதா? பக்கவாட்டுல சறுக்கி இறங்கி நிறுத்த முடியுதா? முதல் ரெண்டும் முடியலேன்னா தொடக்கக் குரூப், எத்தனை நாள் சறுக்கியிருந்தாலும் சரி. ரெண்டும் முடிஞ்சு மூணாவது மட்டும் வரலேன்னா, முதல் காலை மட்டும் தனிக் கோச், மிச்ச நாளுக்கு குரூப். அரசுப் பயிற்சின்னா வயசு வரம்பும் மருத்துவச் சான்றும் இருக்கும், விண்ணப்பத்துல அதை முதல்ல பாருங்க. குரூப் மாறணும்னா முதல் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலயே கோச்கிட்டச் சொல்லிரணும். அதுக்கப்புறம் எண்ணிக்கை நிறைஞ்சிரும்.