புதுப்பிப்பு: கார் ஆம்ப்ளிஃபயர் சூடாகி நின்றுபோன சிக்கல்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியில், வாடிப்பட்டியைத் தாண்டுவதற்குள் என் காரின் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர் (ஸ்பீக்கர்களுக்கான ஒலியைப் பெருக்கும் கருவி) கொதித்து, பாதுகாப்பு விளக்கு எரிந்து, பாட்டு நின்றுவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பலர் சித்திரை வெயிலைக் காரணமாகச் சொன்னீர்கள்; வெயில் சிக்கலைப் பெரிதாக்கியதே தவிர, மூலகாரணம் அதுவன்று.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட் இருக்க, பாட்டு உரக்க ஒலிக்கையில் ஆம்ப்ளிஃபயரின் முனைகளில் 11.8 வோல்ட்தான் இருந்தது. பேட்டரியின் நெகட்டிவுக்கும் ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்ட் முனைக்கும் (காரின் உடல் தகட்டோடு இணைப்பது) இடையே அளந்தபோது அங்கே மட்டுமே 1.5 வோல்ட் காட்டியதால், இழப்பின் பெரும்பகுதி கிரவுண்ட் பக்கம் என்பது உறுதியானது. பொருத்தியவர்கள் சீட் போல்ட்டின் அடியில், பெயின்ட்டின் மேலேயே கிரவுண்ட் கம்பியின் வளையத்தை வைத்து முறுக்கியிருந்தார்கள். உப்புத்தாளால் தகடு பளபளக்கும்வரை தேய்த்து, செம்பு பூசிய அலுமினியக் கம்பிக்குப் பதிலாகத் தடித்த அசல் செப்புக் கம்பியைப் போட்டதும், முனைகளில் 13.6 வோல்ட் நிலையாக நின்றது.

இதைவிட முக்கியமானது பளு, அதாவது ஸ்பீக்கர்களின் மின்தடை; அதன் ஓம் அளவு குறையக் குறைய ஆம்ப்ளிஃபயர் அதிகம் சூடாகும். பிரிட்ஜ் செய்தால் (இரண்டு சேனல்களை ஒன்றாக இணைத்தால்) குறைந்தது 4 ஓம் வேண்டும் என்று ஆம்ப்ளிஃபயரின் அடியிலேயே அச்சிட்டிருக்க, இரண்டு 4 ஓம் வூஃபர்களை (தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர்கள்) பக்க இணைப்பில் பிரிட்ஜ் செய்த சேனல்களில் கோத்து 2 ஓம் ஆக்கியிருந்தார்கள். அப்போது ஒவ்வொரு சேனலும் 1 ஓம் பளுவைச் சுமக்கிறது. தொடர் இணைப்புக்கு மாற்றியதில் 8 ஓம் ஆனது. ஒலி சற்றுக் குறைந்தாலும் எனக்கு அதுவே நிறைவு.

சீட்டுக்கடியில் குளிர்விப்புத் தகடுகளை மூடியிருந்த விரிப்பையும் வெட்டிவிட்டேன். நண்பர் ஒருவர் பரிந்துரைத்த மின்விசிறி தேவைப்படவில்லை. நண்பகலில் கொடைரோடு வரை ஓட்டிய பிறகும் ஆம்ப்ளிஃபயரின் மேல் கையை வைத்திருக்க முடிகிறது.