பி0171, பி0302 ரெண்டும் வருது: ஓ2 சென்சாரா, இன்டேக் மேனிஃபோல்டா?

ஸ்பேனர்14:
1.6 லிட்டர் பெட்ரோல், நாலு சிலிண்டர், பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காத்து கொண்டு போற குழாய்த் தொகுதி), ஏர் மாஸ் சென்சார் உள்ள வண்டி. 1,12,000 கி.மீ. ஓடியிருக்கு. செக் எஞ்சின் லைட் எரியுது, ரெண்டு எரர் கோடு: பி0171 (கலவையில காத்து அதிகம், பெட்ரோல் குறைவு), பி0302 (ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங்). காலையில ஸ்டார்ட் பண்ணினதும் மிஸ்ஸிங் அடிக்குது, சூடானா பெரும்பாலும் அடங்கிடுது. ஐடிலிங் 750-ல நிக்கணும், 1,000 பக்கம் நிக்குது. ரெண்டாவது சிலிண்டரோட பிளக், காயிலை மூணாவதுக்கு மாத்திப் போட்டும் மிஸ்ஸிங் இடம் மாறல. ஒர்க்‌ஷாப்ல ஓ2 சென்சார் (எக்ஸாஸ்ட்ல ஆக்சிஜனை அளக்கிறது) மாத்தச் சொல்றாங்க. ஃபியூயல் ட்ரிம் (எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுற, குறைக்கிற சதவீதம்): ஐடிலிங்ல ஷார்ட் (உடனடித் திருத்தம்) +7, லாங் (நிலைச்ச திருத்தம்) +21. 2,500 ஆர்.பி.எம்.ல ரெண்டும் சேர்த்து +6. சென்சார் வாங்கலாமா?

எண்ணெய்க்கை:
வாங்காதீங்க. கலவையில காத்து அதிகம்னு தகவல் சொல்றதே அந்த சென்சார்தான். உங்க ட்ரிம் நம்பரே பதில் சொல்லுது. ஐடிலிங்ல த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், மேனிஃபோல்டுக்குள்ள உறிஞ்சல் பலமா இருக்கும், எஞ்சின் இழுக்கிற மொத்தக் காத்தும் கொஞ்சம்தான். அப்போ சின்ன ஓட்டை வழியா வர்ற காத்துகூடப் பெரிய பங்கு. 2,500-ல அதே ஓட்டை கணக்குலயே வராது, அதான் +28 இருந்தது +6 ஆகுது. பெட்ரோல் பம்போ ஃபில்டரோ பலவீனமா இருந்தா இதுக்கு நேர்மாறா, லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறும்.

பி0302 கூடவே வர்றதால, ரெண்டாவது சிலிண்டருக்குப் போற மேனிஃபோல்ட் குழாய் சிலிண்டர் ஹெட்டோட சேர்ற இடத்துல சந்தேகப்படணும். நாலு பிளக்கையும் கழட்டி வரிசையா வைங்க. நாலு சிலிண்டருக்கும் கலவையைப் பார்க்கிற ஓ2 சென்சார் ஒண்ணுதான், அதனால ஈ.சி.யூ. (எஞ்சின் கம்ப்யூட்டர்) எல்லாத்துக்கும் சமமா பெட்ரோலைக் கூட்டும். ரெண்டாவது பிளக் மட்டும் வெளுத்து, மத்த மூணும் கரி பூசின மாதிரி இருந்தா லீக் அந்தப் பக்கம்தான். எரர் கோடுகளை அழிக்கிறதுக்கு முன்னாடி ஃப்ரீஸ் ஃப்ரேமை (கோடு பதிவான நேரத்து எஞ்சின் அளவுகள்) எழுதி வச்சுக்குங்க, அழிச்சா அதுவும் போயிடும்.

வால்வுகிளியரன்ஸ்:
மேனிஃபோல்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி மூணு இடம் பாருங்க. முதல்ல பர்ஜ் வால்வு (பெட்ரோல் ஆவியை கேனிஸ்டர்லிருந்து மேனிஃபோல்டுக்கு விடுறது): எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, கேனிஸ்டர் பக்க ஹோஸைக் கழட்டி வால்வு முனையில விரல் வைங்க. உறிஞ்சினா வால்வு மூடல. அடுத்து பி.சி.வி. ஹோஸ் (கிராங்க்கேஸ் ஆவியை மேனிஃபோல்டுக்குக் கொண்டு போறது), பிரேக் பூஸ்டர் ஹோஸ். துணி சுத்தின பிளையரால ஒவ்வொண்ணா நசுக்கும்போது ஐடிலிங் நல்லா இறங்கினா, லீக் அந்த ஹோஸ் வழியில இருக்கலாம்.

மூணாவது பலர் மறக்கிறது: ரெண்டாவது இன்ஜெக்டரோட கீழ் ஓ ரிங். மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல அடைக்கிற ரப்பர் கேஸ்கெட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு, அறிகுறியும் அச்சு அசல் அதே மாதிரி இருக்கும்.

எண்ணெய்க்கை:
சரியாச் சொன்னீங்க. தேடுறதை எஞ்சின் குளிரா இருக்கும்போதே செய்யணும். ரப்பர் கேஸ்கெட் வயசாகி இறுகிடும், குளிர்ல பிளாஸ்டிக் சுருங்கும்போது இடைவெளி விடும், சூடானதும் விரிஞ்சு மூடிக்கும். சூடான வண்டியை ஒர்க்‌ஷாப்ல விட்டா "ஒண்ணும் இல்லையே"ன்னு அனுப்பிடுவாங்க.

ஸ்மோக் மெஷின் (உள்ள புகை விட்டு லீக் காட்டுறது) இருந்தா 1 பி.எஸ்.ஐ.க்கு மேல போகாதீங்க. இல்லைன்னா தண்ணி ஸ்ப்ரே போதும்: ஒவ்வொரு போர்ட் இணைப்புலயும் லேசா அடிங்க, ஓட்டை இருந்தா தண்ணியை இழுத்து ஐடிலிங் சட்டுனு மாறும். கார்ப் கிளீனர் துல்லியமா காட்டும், ஆனா தீப்பிடிக்கிற சரக்கு. எக்ஸாஸ்ட் பக்கம் அடிக்கவே கூடாது, தீயணைப்பான் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும்.

மண்வாசம்:
என் வண்டியில மேப் சென்சார். மேனிஃபோல்ட் லீக் இருக்கு, ஆனா பி0171 வரல, பி0507 (ஐடிலிங் அதிகம்) மட்டும். ஏன்?

வால்வுகிளியரன்ஸ்:
ஏர் மாஸ் சென்சார் தன்னைக் கடந்து போற காத்தை மட்டும் எண்ணும், லீக் வழியா நுழையறது கணக்குல வராது. மேப் சென்சார் மேனிஃபோல்டுக்குள்ள இருக்கிற அழுத்தத்தையே அளக்குது. லீக் காத்தும் அதுல சேர்ந்துடும், பெட்ரோலும் அதுக்குத் தக்கபடி கூடும். அதனால கலவை பெருசா மாறாம ஐடிலிங்தான் ஏறும். மேப் ரீடிங் பாருங்க. சூடான ஐடிலிங்ல 30–35 கே.பி.ஏ. பக்கம் இருக்க வேண்டியது 45, 50-ன்னு நின்னா லீக்கைத் தேடணும்.

ஸ்பேனர்14:
குளிர்ல ரெண்டாவது போர்ட் அடிப்பக்கம் தண்ணி அடிச்சதும் 1,000-லிருந்து 850-க்கு இறங்கி, காஞ்சதும் திரும்ப ஏறிச்சு. கேஸ்கெட் மாத்தும்போது எதுல கவனம் வேணும்?

எண்ணெய்க்கை:
பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி எஞ்சின் தானா அணையற வரை ஓட விட்டு ஃபியூயல் பிரஷரை இறக்குங்க, அப்புறம் பேட்டரி நெகட்டிவ். மேனிஃபோல்ட் வெளிய வந்த உடனே ஹெட் போர்ட்டுகள்ல சுத்தமான துணியை அடைங்க. ஒரு வாஷர் உள்ள விழுந்தா ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம். அலுமினியத்தைப் பிளாஸ்டிக் சுரண்டியால மட்டும் சுத்தம் பண்ணுங்க. மேனிஃபோல்ட் முகத்துல ஸ்டீல் ஸ்கேல் வச்சு ஃபீலர் கேஜால (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வளைவு பாருங்க. மேனுவல் அளவைத் தாண்டினா புது கேஸ்கெட்டும் நிக்காது.

சிலிகான் பேஸ்ட் வேண்டாம், ரப்பர் கேஸ்கெட் காஞ்ச நிலையில உட்காரணும். இன்ஜெக்டர் ஓ ரிங் நாலையும் கையோட மாத்திடுங்க, அதுக்கு மட்டும் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில். போல்ட்டை நடுவுலிருந்து வெளிப்பக்கமா, ரெண்டு சுத்துல, மேனுவல் டார்க்குக்கு முறுக்குங்க. கை அழுத்தத்தை நம்பினா பிளாஸ்டிக் காது விரிசல் விடும். முடிச்சதும் எரர் கோடுகளை அழிச்சு ட்ரிம்மை ரீசெட் பண்ணி, மறுநாள் காலை குளிர் ஸ்டார்ட் கேளுங்க. சில நாள் ஓடினபிறகு ஐடிலிங் ட்ரிம் மொத்தம் ±5-க்குள்ள நிக்கணும். +10-க்கு மேலயே நின்னா இன்னொரு லீக் பாக்கி இருக்கு.