இலங்கைக்கு எந்த மாதம் போகலாம்?

சென்னையிலிருந்து:
எந்த மாதம் என்று கேட்பதைவிட எந்தக் கரைக்குப் போகப் போகிறீர்கள் என்று கேட்பதுதான் சரி. எங்களுக்கு லீவு கிடைத்தது ஆகஸ்டில். தென்மேற்குக் கரை ஹிக்கடுவையில் இறங்கினால் சிவப்புக் கொடி, கலங்கிய தண்ணீர், தென்னை மரத்தடிக்கு இழுத்துப் போட்ட படகுகள். அறை வாடகை மட்டும் மலிவு. அங்கிருந்து கிழக்குக் கரை நிலாவெளிக்குப் போனோம். அதே தீவா என்று சந்தேகமே வந்துவிட்டது! கடல் குளம் மாதிரி கிடந்தது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று நடுமலைநாட்டில் மோதி மேற்குப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. கிழக்கே வந்து சேர்வது வெறும் சூடான காற்று. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபோது, துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறா ஒன்று எங்களைச் சட்டை செய்யாமல் கடந்து போனது. பக்கத்திலேயே சிலர் பவளப்பாறை மேல் செருப்புக் காலோடு ஏறி நின்று செல்ஃபி எடுத்தார்கள். பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

திரும்பும் வழியில் மின்னேரியா தேசியப் பூங்கா. வெயிலில் குளம் வற்றி, அடியில் புல் முளைத்திருக்கும். அதைத் தேடி யானைகள் கூட்டம் கூட்டமாக வரும். ஜூலை முதல் செப்டம்பர் வரை இதற்கு நல்ல காலம்.

திருகோணமலையிலிருந்து:
அண்ணை சொன்னது சரி, ஆனால் கச்சான் காற்றை, அதுதான் அந்தச் சூடான காற்றை, லேசாக நினைக்க வேண்டாம். அது எழும்ப முதல், காலையிலேயே போட்டில் ஏறிவிடுங்கோ. நவம்பர், டிசம்பரில் எங்கட பக்கம் வராதீங்கோ. துவைச்ச உடுப்பு ரெண்டு நாளாகியும் காயாது, கடலும் விடாது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிப் போட்ட சூறாவளியை இங்கே பெரியவர்கள் இன்னும் சொல்லுவினம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்கே மிரிஸ்ஸப் பக்கம் போங்கோ, திமிங்கிலமும் பார்க்கலாம்.

கோவையிலிருந்து:
இரண்டு கரையும் வேண்டுமென்றால் பிப்ரவரிக் கடைசி, மார்ச் என் தேர்வு. அக்டோபரிலும் போனேன். காலையில் நல்ல வெயில், மத்தியானத்துக்கு மேல் இடி மழை. தேயிலைத் தோட்டத்தில் அட்டை வேறு. சுற்றுவதையெல்லாம் மதியத்துக்குள் முடித்துக்கொண்டால் சமாளிக்கலாம். அப்புறம், சிவனொளிபாதமலை ஏறுகிறவர்கள் டிசம்பர் பௌர்ணமிக்கும் மே மாத வெசாக் பௌர்ணமிக்கும் இடையில் போங்கள். மற்ற மாதங்களில் படியில் விளக்கு பெரும்பாலும் எரியாது, டீக்கடைகளும் மூடியிருக்கும். டார்ச் இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள்.