கையால் ஸ்டார்ட் செய்தால் ஓடுகிறது, ரீபூட் ஆனால் எழுவதில்லை: பார்த்த கேஸ்களைப் பகிருங்கள்

ரீபூட்டுக்குப் பிறகு சர்வீஸ் இல்லை, ஸ்டார்ட் கொடுத்தால் உடனே ஓடுகிறது. ஓடிவிட்டதே என்று விட்டுவிட்டால் அடுத்த ரீபூட்டில் அதே கதைதான். நாம் கையால் ஸ்டார்ட் கொடுக்கும்போது நெட்வொர்க், டிஸ்க் எல்லாம் தயாராக இருக்கும். பூட் ஆகும்போது இருக்காது. காரணத்தை அந்த இடைவெளியில் தேடுங்கள்.

முதலில் லினக்ஸ் பக்கம், அதாவது சர்வீஸ்களை சிஸ்டம்டி நிர்வகிக்கும் சர்வர்கள். எனேபிள் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் வேறு, எனேபிள் வேறு: ஸ்டார்ட் இப்போது மட்டும் ஓட்டும், எனேபிள் ஒவ்வொரு பூட்டிலும் தானே எழ வைக்கும். 'ஸ்டாட்டிக்' என்று காட்டினால் யூனிட் கோப்பில் (சர்வீஸை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் கோப்பு) இன்ஸ்டால் பகுதியே இல்லை என்று பொருள். அந்தப் பகுதியைச் சேர்த்து, அதன் வாண்டட்பை வரியில் மல்டி-யூசர் டார்கெட்டை (வழக்கமான பூட் நிலை) போட்டு, மாற்றத்தை சிஸ்டம்டி படிக்க டீமன்-ரீலோட் செய்து, பிறகு எனேபிள் கொடுங்கள்.

---

எஞ்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) கேஸ் ஒன்று. லாகில் 'கேனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்'. லிசன் வரியில் குறிப்பிட்ட ஐபி எழுதியிருந்தது. சர்வீஸ் எழும் நேரத்தில் அந்த ஐபி நெட்வொர்க் கார்டில் ஏறவில்லை. யூனிட் கோப்பின் ஆஃப்டர் வரியில் நெட்வொர்க் டார்கெட் இருந்தும் பலனில்லை, ஏனென்றால் நெட்வொர்க் டார்கெட் வந்துவிட்டால் ஐபி வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட்தான் வேண்டும், அதையும் ஆஃப்டர், வாண்ட்ஸ் இரண்டிலும் எழுத வேண்டும். ஆஃப்டர் வரிசையை மட்டும்தான் சொல்லும், எதையும் இழுத்து வராது.

---

மேலே சொன்னதோடு ஒன்று: 'ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிபீட்டட் டூ குயிக்லி' என்று வந்தால் அது விளைவு, காரணம் அல்ல. 10 விநாடிக்குள் 5 முறை ஸ்டார்ட் ஆவதுதான் இயல்பான வரம்பு. ரீஸ்டார்ட்செக் (விழுந்த சர்வீஸை மீண்டும் எழுப்பும் முன் காத்திருக்கும் நேரம்) இயல்பில் 100 மில்லிவிநாடி என்பதால், டேட்டாபேஸ் எழ 3 விநாடி எடுத்தால்கூட அதற்குள் ஐந்து வாய்ப்பும் தீர்ந்துவிடும். ரீஸ்டார்ட்செக் 5 என்று வையுங்கள், வரம்பில் முட்டாது. ஏற்கெனவே முட்டி நிற்கும் யூனிட்டுக்கு ரீசெட்-ஃபெயில்ட் கொடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள்.

---

உண்மையிலேயே பயப்பட வேண்டியது டிஸ்க் கேஸ். டாக்கர் கண்டெய்னரில் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், டேட்டா தனி டிஸ்க்கில், டிஸ்க்குகளை மவுண்ட் செய்யும் பட்டியலான எஃப்எஸ்டேபில் 'நோஃபெயில்'. நோஃபெயில் போட்ட மவுண்டுக்காக பூட் காத்திருக்காது. டிஸ்க் மவுண்ட் ஆகும் முன் டாக்கர் எழுந்தால் கண்டெய்னருக்குத் தெரிவது காலி டைரக்டரி. டைரக்டரி காலி என்றால் போஸ்ட்கிரெஸின் அதிகாரபூர்வ இமேஜ் புது டேட்டாபேஸை உருவாக்கிவிடும். சர்வீஸ் ஆக்டிவ், எர்ரர் எதுவும் இல்லை, டேபிள்களை மட்டும் காணோம்! இந்த நேரத்தில் பதறி பேக்கப்பை ரீஸ்டோர் செய்துவிடாதீர்கள். நிறுத்துங்கள், மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய டேட்டா டிஸ்க்கில் அப்படியே இருக்கும்.

நிரந்தரத் தீர்வுக்கு, டாக்கர் யூனிட்டின் ஓவர்ரைடில் (மூலக் கோப்பைத் தொடாமல் மேலே சேர்க்கும் தனிக் கோப்பு) ரெக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் வரியில் அந்தப் பாதையை எழுதுங்கள். இன்னொரு காவலும் உண்டு: மவுண்ட் ஆகாத நிலையில் அந்தக் காலி டைரக்டரிக்கு சிஎச்ஏடிடிஆர் +ஐ (மாற்ற முடியாதபடி பூட்டும் கட்டளை) போட்டுவிட்டால், டிஸ்க் இல்லாதபோது யாரும் அதில் எழுத முடியாது.

ஓவர்ரைடை சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் செய்யுங்கள். பேக்கேஜோடு வந்த யூனிட் கோப்பில் கை வைத்தால் அடுத்த அப்டேட்டில் போய்விடும்.

---

இன்னொரு காரணம்: பிஐடி கோப்பு (சர்வீஸின் ப்ராசஸ் எண்ணை எழுதி வைக்கும் கோப்பு) வைக்கும் டைரக்டரியை ரன் டைரக்டரிக்குள் கையால் உருவாக்கியிருப்பார்கள். ரன் இருப்பது ரேமில். ரீபூட் ஆனதும் அது காலி. யூனிட் கோப்பில் ரன்டைம்டைரக்டரி வரி ஒன்று போதும், சரியான உரிமையாளரோடு ஒவ்வொரு முறையும் தானே உருவாகும்.

203 எக்ஸெக் (புரோகிராமை ஓட்டவே முடியவில்லை என்ற எர்ரர்) வந்தால் பாதை, எக்ஸிகியூட் அனுமதி இரண்டையும் பாருங்கள். இரண்டும் சரி என்றால் ஸ்கிரிப்ட் விண்டோஸில் சேமிக்கப்பட்டதா என்று பாருங்கள். முதல் வரியின் கடைசியில் விண்டோஸ் வரி முடிவில் போடும், கண்ணுக்குத் தெரியாத சிஆர் எழுத்து ஒட்டியிருக்கும்.

---

விண்டோஸ் சர்வர் பக்கம்: ஈவென்ட் வியூவரில் 7009, 7000 ஜோடியாக வந்தால் 30,000 மில்லிவிநாடி கெடுவுக்குள் சர்வீஸ் பதில் சொல்லவில்லை. 'டிலேய்டு ஸ்டார்ட்' ஆக மாற்றினாலே பெரும்பாலும் தீரும். தீராவிட்டால் ரெஜிஸ்ட்ரியின் கண்ட்ரோல் கீயில் சர்வீசஸ்பைப்டைம்அவுட் என்ற டிவேர்ட் (எண் மதிப்பு) உருவாக்கி, டெசிமலில் 60000 (மில்லிவிநாடி) கொடுங்கள். ரீபூட் செய்தால்தான் அமலுக்கு வரும். 1069 (லாகின் தோல்வி எர்ரர்) என்றால் சர்வீஸ் அக்கவுண்டின் பாஸ்வேர்டு மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

---

அதோடு, விண்டோஸின் எஸ்சி கன்ஃபிக் கட்டளையில் டிபெண்ட் (இந்த சர்வீஸ் எந்தெந்த சர்வீஸ்களை நம்பியிருக்கிறது என்ற பட்டியல்) கொடுக்கும்போது சமக்குறிக்குப் பின் ஓர் இடைவெளி கட்டாயம். புதிதாகக் கொடுப்பது பழைய பட்டியலோடு சேராது, அதை அழித்துவிடும். எஸ்சி க்யூசியில் பழையதைப் பார்த்து, அதையும் சேர்த்தே எழுதுங்கள்.